கடை, படிக்கட்டு, கதவு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், அதன் பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதையும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் செஞ்சி கடைவீதியில் வெங்கடரமணன் பாத்திரக்கடை மாடியில் வீட்டு டிவிக்குப் படம் ஓட்ட ஒரு ஹோம் சர்வரை அமைத்தான். மனித வரலாற்றைப் பற்றிப் பாலமுரளியின் கருத்து இதுதான். இதைச் சொல்லும்போது அவன் சிரிப்பதில்லை. மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். விண்டோஸ் என்பது நாம் குளித்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் உள்ளே வந்து சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வீட்டு ஓனர். செல்போனில் விளையாடுவது கேம் அல்ல, கட்டைவிரலுக்கு பிசியோதெரபி. அவனுடையது லினக்ஸ். அவனுடைய டிஸ்க், அவனுடைய படங்கள். "என் சர்வருக்குள்ள நான் கூப்பிடாம எவனும் வர முடியாது" என்று கல்லூரி கேன்டீனில் அறிவித்திருக்கிறான். கேட்டவர்கள் பஜ்ஜியில் கவனமாக இருந்தார்கள்.

அதனால்தான் அந்த அமாவாசை அன்று, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், ஹால் டிவியில் ஓடிக்கொண்டிருந்த படம் தானாக நின்று அந்தக் கேள்வி வந்தபோது அவனுக்கு முதலில் பயம் வரவில்லை. அவமானமாக இருந்தது.

இன்னும் பார்க்கிறீர்களா?

கீழே இரண்டு கட்டங்கள். ஆமாம். இல்லை.

சந்தா கட்டி வாங்கிய சேவைகள் கேட்கிற கேள்வி அது. நைனா தினமும் சீரியல் பார்த்தபடியே தூங்கிப்போவார். டிவி கேட்டதும் கண்ணைத் திறக்காமலே ரிமோட்டில் ஆமாம் என்று அழுத்துவார். "ஒரு கம்பெனி உன்னைப் பாத்து உயிரோட இருக்கியான்னு கேக்குது, நீயும் பயந்து பயந்து பதில் சொல்ற" என்று பாலமுரளி அவரை ஓட்டாத நாளில்லை. அவனுடைய சர்வரில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. நிரலைத் திறந்து அவனே பார்த்திருக்கிறான்.

"மது, என் சர்வர்ல எதையாச்சும் நோண்டினியா?" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினான்.

தங்கை மதுமதிக்குக் காய்ச்சல். போர்வைக்குள் போனோடு கிடந்தாள். "அத யாருண்ணா தொடுவாங்க? லினக்ஸ்னா இன்னா, இல்லாத பிரச்னைய நீயே உண்டாக்கி, நீயே அத தீக்கறதுதான? நான் காசு கட்டி நிம்மதியா பாக்கறேன்."

"வாடகை வீடு."

"நீ சொந்த வீட்லதான் பூட்டிக்கினு உக்காந்திருக்க."

அது உண்மைதான். நைனாவும் அம்மாவும் மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசை ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் போயிருந்தார்கள். விடிகாலை பஸ்ஸில்தான் திரும்புவார்கள். மாடிப்படி கடைக்குள்தான் இறங்கும். அதனால் வெளியூர் போகும்போதெல்லாம் கடை ஷட்டரை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது நைனாவின் வழக்கம். பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்களாம்.

கேள்விக்குப் பின்னால் மங்கலாக ஒரு காட்சி நின்றது. அவன் போட்ட படம் அல்ல. சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் அறை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் லுங்கி கட்டிய ஒரு ஆள், கையில் ரிமோட்டோடு, டிவி பார்க்கிறவர்களின் தொங்கிப்போன வாயோடு, நேராக இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாற்காலி காலி. ஆனாலும் அந்த ஆள் அதிலிருந்து விலகி, தன் நாற்காலியின் கோடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சர்வரில் போட்டிருந்த பழைய டிஸ்க்கின் மிச்சம், என்று பாலமுரளி முடிவு கட்டினான். அந்த டிஸ்க் அவலூர்பேட்டையில் மூடிப்போன ஒரு கேபிள் டிவி ஆபீசிலிருந்து வந்தது. விற்ற விநாயகம், "எங்க அண்ணன் இது எதிர்லயேதான் உக்காந்திருப்பாரு, சோறு வெச்சா கூட எந்திரிக்க மாட்டாரு. நீ முழுசா அழிச்சிட்டு யூஸ் பண்ணு தம்பி, முழுசா" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். முழுசாக அழிக்க ஒரு ராத்திரி ஆகும். பாலமுரளி விரைவு ஃபார்மட் செய்தான். அது வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுகிற வேலை, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்று கம்ப்யூட்டர் படிக்கிற எல்லோரையும் போல அவனுக்கும் தெரியும். எல்லோரையும் போல அவனும் அதைத்தான் செய்தான்.

ஆமாம் என்று அழுத்த அவன் என்ன நைனாவா? இல்லை என்று அழுத்தினான்.

திரை கறுத்தது. கீழே கடையில் ஒரு பாத்திரம் ஒலித்தது.

விழுந்த சத்தமில்லை அது. அடுக்கி வைத்த எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவே உள்ள குறுகலான வழியில் யாராவது உடம்பை ஒடுக்கி நடந்தால், முழங்கை பட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொண்டு போகுமே, அந்த நீளமான, மெல்லிய ரீங்காரம். எலி, என்று நினைத்துக்கொண்டான். மடிக்கணினியைத் திறந்து, சர்வரில் யார் யார் பார்க்கிறார்கள் என்று காட்டும் பக்கத்துக்குப் போனான். வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் அவனே பெயர் வைத்திருந்தான். ஹால் டிவி. மது போன். இப்போது பட்டியலில் இரண்டு பெயர்கள் எரிந்தன.

ஹால் டிவி.

கடை.

கடை என்று அவன் எதற்கும் பெயர் வைத்ததில்லை. கடையில் இருப்பது ஒரு பில் கம்ப்யூட்டர். அதன் வயரை நைனா தினமும் பிடுங்கிவிட்டுத்தான் பூட்டுவார்.

டிவி மறுபடி ஒளிர்ந்தது. இன்னும் பார்க்கிறீர்களா? பின்னால் அதே அறை, அதே ஆள். இந்த முறை காலி நாற்காலியை உற்றுப் பார்த்தான். அதன் இருக்கை கீழ்நோக்கி வளைந்திருந்தது, கனத்த ஒருவர் உட்கார்ந்தால் வளைவதுபோல. லுங்கி ஆளின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அழுத்து, என்பதுபோல் இருந்தது. அழுத்தாதே, என்பதுபோலவும் இருந்தது.

பாலமுரளிக்குக் கோபம் வந்தது. கோபம் என்றுதான் அவன் அதற்குப் பெயர் வைத்தான். இல்லை.

பட்டியலில் கடை அணைந்தது. படிக்கட்டு எரிந்தது.

சர்வரைக் காற்றோட்டத்துக்காக ஹால் கதவுக்கு வெளியே, படிக்கட்டின் தலைமாட்டில் வைத்திருந்தான். அதை நிறுத்த வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தான். புதுப் பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கு வாடையோடு, மழையில் ஊறிய அட்டைப்பெட்டியின் புளித்த வாடையும் மேலே ஏறி வந்தது. படிகள் முதல் வளைவு வரை தெரிந்தன, அதற்குக் கீழே இருட்டு. சர்வரின் நீல விளக்கு சிமிட்டியது. வயரைப் பிடுங்கினான். விளக்கு தொடர்ந்து சிமிட்டியது. கரண்ட் போனாலும் தன் சர்வர் சாகாது என்று பெருமையடித்து வாங்கிய யூபிஎஸ் கீச்சென்று கத்தியது. அதன் பொத்தானையும் அமுக்கினான். விசிறி சுற்றி ஓய்ந்தது.

ஓய்ந்த பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம். ஒரு படி, பாரம் தாங்காமல், முனகியது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். நைனாவுக்குப் போன் அடித்தான்.

"நைனா, கடை சாவி இன்னொண்ணு யார்கிட்டயாச்சும் இருக்குதா?"

"இன்னாது? பம்பை சத்தத்துல ஒண்ணும் கேக்கலடா!"

"சாவி! சாவி!"

"என் இடுப்புலதான் இருக்குது. பத்திரமா இருக்குது. மதுவுக்கு மாத்திர குடுத்தியா? டிவிய ஆஃப் பண்ணிட்டுத் தூங்கு." துண்டித்துவிட்டார்.

ஜன்னலுக்கு ஓடினான். மழைக்குப் பயந்து கடைவீதி சீக்கிரமே அடைத்திருந்தது. எதிர்க்கடை இளையபெருமாள் மட்டும் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பிக்குள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி?" என்றார்.

சொல்ல வாயைத் திறந்தான். சர்வரில் யாரோ ஒருத்தர் கூடுதலாகப் பார்க்கிறார் என்று எப்படிச் சொல்வது? அதுவும் இவரிடம், போன வாரம்தான் இவருடைய ஓடிடி சந்தாவை வைத்து அரைமணி நேரம் கிண்டலடித்திருந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. மழை எப்படி?"

"பெய்யுது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். பின்விளக்கின் சிவப்பு, கூட்டு ரோடு பக்கம் திரும்பி மறைந்தது.

டிவி எரிந்தது. சர்வர் செத்துக் கிடந்தது, ஆனாலும் எரிந்தது. டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினான். ப்ளக் கையில் இருந்தது. கேள்வி திரையில் இருந்தது. லுங்கி ஆள் இப்போது அழுதுகொண்டிருந்தார், வாயை மூடாமல், முகத்தைத் துடைக்காமல், கண்ணைக்கூட நகர்த்தாமல்.

இல்லை. இல்லை. இல்லை. ரிமோட் பொத்தான் உள்ளே போய்விடும்போல் அழுத்தினான்.

மடிக்கணினியில் பெயர் மாறியது.

கதவு.

தட்டவில்லை. தள்ளவில்லை. பலகை லேசாக உள்நோக்கிப் புடைத்தது. யாரோ சாய்ந்துகொண்டதுபோல. அட்டை வாடை. தாழ்ப்பாள் ஒரு நூல் அசைந்தது. நின்றது.

இன்னும் பார்க்கிறீர்களா?

அவன் எதையும் தொடவில்லை. மூச்சுகூட விடவில்லை. பதில் சொல்லாவிட்டால் போய்விடும். போய்விட வேண்டும்.

கேள்வி மறைந்தது. கதவு நிமிர்ந்தது. பட்டியலில் அந்தப் பெயர் அணைந்தது. ஹா, என்று வாய்விட்டு மூச்சு வாங்கினான்.

வேறொரு பெயர் எரிந்தது.

மது போன்.

"அண்ணா" என்றாள் மதுமதி உள்ளேயிருந்து, தூக்கக் கலக்கத்தில். "என் போன்ல ஏதோ கேக்குதுண்ணா. யாரோ ரெண்டு சேரு போட்டு உக்காந்திருக்காங்க. ஆமாவா, இல்லையா, எத அமுக்கறது?"

"தொடாத!"

"இது பாட்டுக்கு ஆமா மேல போகுதுண்ணா—"

"மது, கைய எடு!"

"நான் கையே வெக்கலண்ணா."

உள்ளறைக்கு ஓட நேரமில்லை. ரிமோட்டை எடுத்தான். ஹால் டிவியின் கறுப்புத் திரையைப் பார்த்து, எதுவும் கேட்கப்படாமலே, அழுத்தினான். ஆமாம். இங்கே. நான் பார்க்கிறேன். ஆமாம்.

மழைச் சத்தம்.

"போயிடுச்சு" என்றாள் மது. கொட்டாவி விட்டாள். "இன்னா பண்ண? உன் சொந்த வீட்ட ரிப்பேர் பண்ணிட்டியா?"

"ம். தூங்கு."

"நீயும் வந்து படேன்."

"கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

திரை மெல்லத் தெளிந்தது. அந்த அறையில், காலி நாற்காலியின் வளைந்த இருக்கை டக்கென்று நிமிர்ந்தது. லுங்கி ஆள் அதை நம்பவில்லை. கழுத்தை மெதுவாக, துருப்பிடித்த கீலைத் திருப்புவதுபோலத் திருப்பிப் பார்த்தார். கையை நீட்டி இருக்கையைத் தடவிப் பார்த்தார். ரிமோட்டைத் தரையில் வைத்தார். எழுந்தார், முட்டி நிமிரவில்லை. போவதற்கு முன் ஒரு தரம் பாலமுரளியை நேராகப் பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். பிறகு காட்சியிலிருந்து நடந்து வெளியே போனார். செருப்பில்லாத காலின் சத்தம் தேய்ந்தது.

இரண்டு நாற்காலிகளும் காலி.

பாலமுரளிக்கு வலப்பக்கம், சோபா மெதுவாக அமுங்கியது. ஸ்பிரிங் ஒவ்வொன்றாக இறங்கியது. ஊறிய அட்டையின் வாடை தோளுக்கு மிக அருகில் வந்து நின்றது. மடிக்கணினியில் ஒரே ஒரு பெயர்.

பக்கத்தில்.

அவன் திரும்பவில்லை. இடது ஓரத்துக்கு நகர்ந்தான். கைப்பிடி விலாவில் குத்தியது. இன்னும் நகர்ந்தான்.

இன்னும் பார்க்கிறீர்களா?

மது புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவளை எழுப்பிவிடாமல், பொத்தான் சத்தம் வராமல், கட்டைவிரலை அமர்த்தி அழுத்தினான்.

ஆமாம்.