பத்தாவது நகம்

பதினைந்து நிமிடம் கழித்தும் நகத்தில் பூசிய ஜெல் இளகவில்லை.

சுண்டுவிரலில் சுற்றியிருந்த அலுமினியத் தாளை அவிழ்த்து, அசிட்டோனில் ஊறிய பஞ்சை எடுத்துவிட்டு றினோஸா குனிந்து பார்த்தாள். மாதுளம்பழ நிறம் அப்படியே இருந்தது. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் ஓரங்கள் சுருங்கி, பாலாடை போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் உரிந்து வந்துவிடும். இது கல்லில் பூசியதுபோல் கிடந்தது. மேற்பூச்சை நகம் தேய்க்கும் பைலால் தேய்க்க மறந்துவிட்டோமோ என்று பார்த்தாள். மறக்கவில்லை. தேய்த்த வெள்ளைப் பொடி விரிப்பில் கிடந்தது.

கை குளிர்ந்திருக்கிறது, அதனால்தான் என்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. இந்த ஐந்து வருடமும் அவள் உயிருள்ள கைகளில்தான் வேலை செய்திருக்கிறாள். பாதி வேலையை அவர்களுடைய உடம்புச் சூடு செய்து கொடுத்திருக்கிறது. அதை அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

உம்மாவின் வீட்டுக் கட்டிலில் கிடந்தது அப்னா. பதினொரு நாட்களுக்கு முன்பு, கலியாணத்துக்கு முதல் நாள், சாய்ந்தமருதில் றினோஸாவின் வீட்டு முன்னறையில் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து, பூச்சை உலர்த்தும் யூவி விளக்குக்குள் விட்ட கையை வெடுக்கென்று இழுத்து, "சுடுது ராத்தா, சுடுது" என்று சிரித்தவள். இப்போது வாய் திறக்காதபடி நாடியைச் சேர்த்துத் துணியால் கட்டி, முகம்வரை வெள்ளை விரிப்பால் மூடியிருந்தார்கள். இடது கை மட்டும் வெளியே, ஒரு துவாயின் மேல் கிடந்தது.

இந்தப் பக்கத்துப் பெண்கள் மாதவிலக்கால் தொழுகையில்லாத நாட்களில்தான் ஜெல் போட வருவார்கள். நகத்தின் மேல் படலம் இருந்தால் தண்ணீர் நகத்தைத் தொடாது. தொடாவிட்டால் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற வுழூவும் இல்லை, குளிப்பும் இல்லை. அதனால் போடுகிற அன்றே கழற்றுகிற நாளையும் றினோஸா குறித்துக் கொடுத்துவிடுவாள். அப்னாவுக்குக் குறித்தது புதன்கிழமை. அன்று மருதமுனையில் இன்னொரு மணப்பெண் கிடைத்ததால், சனிக்கிழமை வரச் சொல்லித் தள்ளிப்போட்டாள். "அதுவரைக்கும் நான் தொழுவுறதில்லையா ராத்தா?" என்று அப்னா தொலைபேசியில் கேட்டாள். "மூணு நாள்தானே" என்று றினோஸா சொன்னாள். வியாழன் காய்ச்சல் வந்தது. இன்று சனி. காலையில் ஆஸ்பத்திரியில் மௌத்து.

பகல் பன்னிரண்டு மணிக்கு சித்தி லைலா தொலைபேசியில் அழைத்தாள். ஊரில் பெண்களின் மையத்தை, இறந்த உடலை, குளிப்பாட்டுகிறவள் அவள்தான்; சித்தி என்பது அவளுடைய பெயர், உறவுமுறை அல்ல. "இந்தக் கியூட்டெக்ஸ் போகுதில்ல புள்ள. கத்தியால சுரண்டவா?"

"வேணாம் மாமி. நான் வாறன்."

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட வேண்டும். அதற்கும் முன்பு இந்தப் பத்து நகங்கள்.

அறையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அசிட்டோன் பற்றிக்கொள்ளும் என்று சொல்லி அதை வெளியே எடுக்கச் சொன்னாள். அதன் பிறகு அறையில் ஒரே வாடைதான், மூக்கின் உள்ளே கூராக ஏறி நிற்கிற, அவளுடைய வீட்டின் தலையணை வரைக்கும் ஊறிப்போன அதே வாடை. அடுத்த அறையில் பெண்கள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வளவுக்குள் யாரோ பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துப் போட்டார்கள். குளிப்பாட்டுவதற்காகப் பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால், எப்போது நின்றது எப்போது தொடங்கியது என்று பிரிக்க முடியாதபடி, கடல்.

சித்தி லைலா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "எத்தினை முடிஞ்சிது?"

"ஒண்டும் இல்ல மாமி. கை குளிர்ந்து போயிரிக்கி."

"மையத்துக் கை குளிராம? உன்ட ஆக்களுக்கு முன்னமே சொல்லி வை புள்ள. மௌத்தாகிறவங்க உன்னட்ட நாளும் நேரமும் எடுத்துக்கிட்டு மௌத்தாகட்டும்." அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

றினோஸா அந்தக் கையைத் தன்னுடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டாள்.

அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போய் எட்டு மாதமாகிறது. ஜெல் தோலில் பட்டுப் பட்டு முதலில் அரித்தது, பிறகு உரிந்தது, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. தேநீர்க் கோப்பையின் சூடு கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. அவளுடைய கணவர் நளீம் கத்தாரிலிருந்து பேசும்போது "டொக்டரிட்டக் காட்டு" என்பார். "ஓம்" என்பாள். மரத்துப்போவது அப்படியொன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. இப்போதுகூட, இந்தப் பிள்ளைக்காக அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

சூடு ஏற்றிய பிறகு ஜெல் இளகியது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். உரித்து முடித்ததும் நகத்தை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது அவளுடைய பழக்கம்; வெளுத்து உடனே சிவக்கும், "பாருங்க, நகத்துக்கு ஒண்டும் ஆகல்ல" என்று காட்டுவாள். பழக்கத்தில் இதையும் அழுத்தினாள். வெளுக்கவுமில்லை, சிவக்கவுமில்லை. மெழுகு நிறம்.

நான்காவது நகத்தின்போது அந்தக் கை அவளுடைய மணிக்கட்டின் உட்பக்கத்தில் சாய்ந்தது. அங்கே தோல் மரத்துப்போகவில்லை.

சூடாக இருந்தது.

"மாமி!" என்று கத்திவிட்டாள். "கை சுடுது மாமி, வாங்க!"

சித்தி லைலா வருவதற்கு முன்பு அப்னாவின் உம்மா ஜுனைதா வந்துவிட்டாள். யாசீன் பாதியில் நின்றது. ஜுனைதா விரிப்பைத் தள்ளிவிட்டு மகளின் கன்னத்தைத் தட்டினாள், காதுக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டாள். "அப்னா, உம்மா வந்திரிக்கன்கா. கண்ணைத் தொற மகள். என்ட மகளுக்கு உசிர் இரிக்கி, எல்லாரும் கேட்டுக்கங்க!" நாடிக்கட்டை அவிழ்க்கப் போனாள். சித்தி லைலா அவளைப் பிடித்து விலக்கி, கழுத்தில் விரல் வைத்தாள். மூக்குக்குக் கீழே கண்ணாடி பிடித்தாள். இமையை விலக்கி டோர்ச் அடித்தாள். எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்தாள். கண்ணாடியில் ஒன்றும் படியவில்லை. பிறகு வலது கையைத் தொட்டாள், பாதங்களைத் தொட்டாள். குளிர்.

ஜுனைதா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே அமர்ந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தம் அழுகையாக இருக்கவில்லை. நான்கு பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"உன்ட சூடுதான் புள்ள அதுல" என்றாள் சித்தி லைலா. "ஐஸ்கட்டியைக் கையில வெச்சிருந்தா கரையாதா?"

"மாமி, நான்..."

"ஆஸ்பத்திரியில மௌத்துத் தாள் குடுத்துத்தான் அனுப்பியிரிக்காங்க. அந்த உம்மாவுக்கு இண்டைக்கு ரெண்டாந்தரம் புள்ள மௌத்தாயிரிக்கி. மூணாந்தரம் கொல்லிப்போடாத."

விரிப்பை முகத்துக்கு மேல் இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

இடது கையில் மிச்சமிருந்த இரண்டு நகங்களையும் உரித்துவிட்டு, றினோஸா கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள். வெட்கம் எரிய வேண்டிய இடத்தில் ஒரு தட்டையான வெறுமை இருந்தது. வலது கையை எடுத்து ஐந்து நகங்களையும் தேய்த்தாள், பஞ்சு வைத்தாள், தாளைச் சுற்றினாள். இந்த முறை சூடேற்றவில்லை. கையைத் துவாயில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிக் கதிரையில் அமர்ந்தாள். ஒரு மணி நேரமானாலும் ஆகட்டும். தொடக்கூடாது.

தண்ணீர் விழுகிற சத்தம் நின்றிருந்தது. தொட்டி நிறைந்துவிட்டது.

எட்டாவது நிமிடம், பெருவிரலைச் சுற்றியிருந்த தாள் சிறிதாக நொறுங்குகிற ஓசை கேட்டது. மிட்டாய் உறையைக் கைக்குள் கசக்குகிற ஓசை. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

அவிழ்த்துப் பார்த்தாள். ஜெல் சுருங்கி, ஓரங்கள் தூக்கி நின்றது. எட்டு நிமிடத்தில். ஒரு மணப்பெண்ணின் கையில் இளகுவதுபோல்.

பெருவிரலை உரித்தாள். சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். எல்லாம் இலேசாக, கேட்காமலே வந்தன. ஒன்றையும் அழுத்திப் பார்க்கவில்லை. ஆட்காட்டி விரலில் மட்டும், அப்னா ஆசைப்பட்டாள் என்று ஒரு சிறு கல் பதித்து இரண்டு பூச்சு கூடுதலாகப் பூசியிருந்தாள். அதைச் சுரண்ட நேரமெடுத்தது. கல் தெறித்துத் துவாயில் விழுந்தது. கடைசிப் படலமும் போனது.

பத்தாவது நகம்.

அதன் கீழே மெழுகு நிறம் இல்லை.

அவள் அழுத்தினாள்.

வெளுத்தது. விட்டாள். அடிப்பக்கத்திலிருந்து ஒரு ரோசா நிறம், மெதுவாக, மிக மெதுவாக, நுனிவரை ஏறியது.

மறுபடியும். வெளுத்தது. ஏறியது.

மற்ற நான்கும் மெழுகு. இது மட்டும்.

நாடி பார்க்க மணிக்கட்டில் விரல் வைத்தாள். அவளுடைய விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதில் துடிப்பு இல்லையா, தனக்கு உணர்வு இல்லையா? அப்னாவின் விரலைத் தூக்கித் தன் உதட்டில் வைத்தாள். அசிட்டோனின் கசப்பும் குளிரும். அசிட்டோன் பட்டால் எதுவும் குளிரும்.

கண் களைத்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் சிவப்புத் திரையின் வழியாக வருகிறது. நகத்தில் சாயம் ஊறியிருக்கும். ஊறும். சில நிறங்கள் ஊறும்.

சாயம் போய் வருமா?

கதவு திறந்தது.

"முடிஞ்சிதா புள்ள?"

சித்தி லைலாவின் பின்னால், நடையின் முடிவில், ஜுனைதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளுக்குத் தண்ணீர் பருக்கினார்கள். அவள் இந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது வாய் திறந்து. ஒரு சொல்லுக்காக.

றினோஸா அந்தக் கையை விரிப்புக்குள் தள்ளினாள்.

"ஓம்" என்றாள்.

"பத்துமா?"

"பத்தும்."

மையத்தைப் பின்பக்கம் கொண்டு போனார்கள். அவள் பஞ்சையும் தாளையும் பையில் போட்டுக் கட்டினாள். துணி மறைப்புக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவது கேட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எழும்பிவிடும். உயிர் இருந்தால். யாராவது இப்போது கத்துவார்கள். அவள் நின்று காத்திருந்தாள். வலப்பக்கம் ஊற்றினார்கள். இடப்பக்கம். கற்பூரம் கலந்த கடைசித் தண்ணீர். யாரும் கத்தவில்லை. பார்த்தாயா என்று தனக்குள் சொன்னாள். நிம்மதி வர வேண்டும். வரவில்லை.

கபனிட்டு நடுஅறையில், தூக்கிச் செல்கிற சந்தூக்குப் பெட்டிக்குள் கிடத்தினார்கள். தலையும் காலும் முடிச்சிட்டுக் கட்டியாகிவிட்டது. நெஞ்சின் மேல், துணிக்குள், இடது கை மேல் வலது கை. பெண்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு விலகினார்கள். வாசலில் ஆண்கள் தூக்குவதற்கு நின்றார்கள். "லாயிலாஹ இல்லல்லாஹ்" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் எடுத்தார்கள். சித்தி லைலா சந்தூக்கின் தலைமாட்டில் குனிந்து கடைசி மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றினோஸா கால்மாட்டில் நின்றாள். அவளும் பார்த்தாள்.

நெஞ்சின் மேல், வெள்ளைத் துணி ஓரிடத்தில் கூராக எழுந்தது. தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதும்போது ஆட்காட்டி விரல் எழுவதுபோல். ஒரு விரல் அளவு.

வெளியே மறுபடியும், "இல்லல்லாஹ்".

சித்தி லைலா சுருக்கத்தை நீவிவிடுவதுபோல் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். அடங்கியது. அவள் நிமிர்ந்து றினோஸாவைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அவளுடைய உதடுகள் வெளிறியிருந்தன.

ஆண்கள் உள்ளே வந்தார்கள்.

சித்தி லைலா கையை எடுத்தாள்.

துணி மீண்டும் எழுந்தது.