கடல் இல்லாத ஊரில் ஒரு நீல மீன்

“ரெண்டு கொத்து உப்பு தாங்க... மீனுக்கு.”

“கருவாடு போடவா?”

“இல்ல... உயிரோட இருக்கிற மீனுக்கு!”

பலீல் சிரித்துவிட்டான். மாத்தளைக் கடைத்தெருவில் கருவாட்டுக் கடை வைத்த நாளாய் அவன் இப்படிச் சிரித்ததில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவனை முறைத்தன... அம்மாடி, என்ன கண்கள்! அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. அவன் தராசைக் கையில் பிடித்தபடியே நின்றான். பாவம், யாராய் இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

“சிரிக்க என்ன இருக்கு? வாப்பா திருக்கோணமலையிலேருந்து கொண்டாந்த மீனுங்க. அஞ்சு இருந்திச்சு, இப்ப ஒண்ணுதான். தண்ணி கொறையிற நேரமெல்லாம் நான்தான் உப்புக் கரைச்சு ஊத்துறேன்.”

“ஐயோ... காயுறது தண்ணி மட்டுந்தாங்க. உப்பு தொட்டியிலயேதான் கெடக்கும்!”

“கருவாட்டுக்காரருக்கு உசுருள்ள மீனப் பத்தி என்ன தெரியும்?”

“எங்க மாமா கடல்ல பாறையடியில முங்கி இந்த மாதிரி மீனத்தான் புடிக்கிறாரு. இனி மழைத் தண்ணி ஊத்துங்க. தினம் ஒரு கோப்பை போதும்.”

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அப்படியென்றால் அந்த நான்கு மீன்களையும் கொன்றது...? கண்கள் நிறைந்துவிட்டன. போன வருஷம் மவுத்தான வாப்பாவின் நினைவாக அவளிடம் மிஞ்சியிருந்தவை அவைதானே! பலீலின் சிரிப்பு நின்றுபோனது. சிரித்த வாயில் கருவாட்டை அடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

அவள் பெயர் ஜுனைதா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் அவன் விசாரித்துவிட்டான். ஜும்மா முடிந்ததும் அவள் உம்மாவிடம் அனுமதி கேட்டு, தொட்டியைப் பார்க்க வந்தான். தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்... அடுத்த வெள்ளியும் வந்தான். அதற்கடுத்த வெள்ளியும்.

“இது கூட்டமா வாழுற மீன்,” என்றான் திரைச்சீலையைப் பார்த்து. “ஒத்தையா இருந்தா சாப்பிடாது. ஆனா கூட ஒண்ண விட்டாலோ, எங்கட கல்லு, எங்கட மூலைன்னு கடிக்கும்.”

“இப்ப யாரச் சொல்றீங்க?”

“மீனத்தாங்க!”

சொல்லிவிட்டு, அருகிலிருந்த சாய்வு கதிரையில் சாதாரணமாக உட்கார்ந்தான். வந்தது வினை!

“எழும்புங்க! அது புள்ளட வாப்பாட கதிரை. அதுல யாரும் இருக்கிறதில்ல!” என்றார் உம்மா.

பலீல் எழுந்தான். காது இரண்டும் எரிந்தன. அப்படியிருந்தும் அந்த வாரமே அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனார்கள். உம்மா சம்மதித்தார். ஆனால் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

“ஒரு கதிரைக்கே எடம் தராத வீட்டுல நான் எப்பிடி வாழுறது? சரிப்பட்டு வராது,” என்று பலீல் சொல்லி அனுப்பிவிட்டான்.

மூன்று வெள்ளி போனது. மழை நிற்கவில்லை. ஜுனைதா தினம் ஒரு கோப்பை மழைத் தண்ணீர் ஊற்றினாள். உப்புத்தான் குறைந்ததே தவிர, மீன் இரையைத் தொடவில்லை. அவளும் சோற்றைத் தொடவில்லை.

நாலாம் வெள்ளி, சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலில் நின்றான் பலீல். கையில் மூடிபோட்ட தகரவாளி. அதற்குள் மாமா பிடித்துக் கொடுத்த ஒரு சின்ன நீல மீன்.

“மீனுக்காகத்தான் வந்தேன்,” என்றான் விறைப்பாக.

புதியதை விட்டதுதான் தாமதம், பழையது பாய்ந்து துரத்தியது. ஜுனைதா பதறிப்போய்த் திரைச்சீலையை விட்டு வெளியே வந்துவிட்டாள். அவன் நிதானமாகச் சட்டைக் கையைச் சுருட்டி, கற்களையெல்லாம் கலைத்து இடம் மாற்றி அடுக்கினான்.

“இப்ப ரெண்டுக்குமே எடம் புதுசு. பழசுக்கு எது தன்ட மூலைன்னு தெரியாது... சண்டை கொறையும்.”

பழையது குழம்பிப்போய் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஒரு கல்லடியில் ஒதுங்கியது. எதிர்க் கல்லடியில் சின்னது. போட்ட இரையை இரண்டும் கொத்தின.

உம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாப்பாவின் கதிரையைத் தானே இழுத்து ஜன்னலோரம் போட்டார். அலுமாரியை நகர்த்த மகளைக் கூப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இரிங்க,” என்று கதிரையைக் காட்டிவிட்டு, குசினிக்குப் போய்விட்டார்.

பலீல் உட்காரவில்லை.

“மீனுக்காக மட்டுந்தானா வந்தீங்க?” என்று கேட்டாள் ஜுனைதா.

“பொய் சொன்னேன்... மூணு வாரமா ரோஷத்தக் கட்டிக்கிட்டு அழுதேங்க. ஒங்களப் பாக்காம என்னால முடியல்ல.”

அவள் கண்கள் இந்த முறை முறைக்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை.

“எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. நீங்க இந்த வீட்டுக்கு வராட்டியும்... புடிச்சுத்தான் இருக்கும்.”

குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“மகன்... தேத்தண்ணிக்கு எத்தன கரண்டி சீனி?”