இடித் தாத்தாவுக்கு வைத்த புள்ளி

எங்கள் குடும்பத்தில் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர். மூன்று வருடங்களுக்கு ஒருமுறை ஒரு பெரிய கூடத்தை வாடகைக்குப் பிடித்து எல்லாரும் ஒன்றுகூடுவோம். அன்றைக்கு அந்தக் கட்டடம் இரண்டு அங்குலம் பூமிக்குள் இறங்கிவிடும். நம்பாவிட்டால் வந்து அளந்து பாருங்கள்.

கூடத்தின் சுவர் முழுக்க ஒரு வெள்ளைத் துணி தொங்கும். அதில்தான் எங்கள் வம்ச மரம். எள்ளுத் தாத்தாவிலிருந்து நேற்றுப் பிறந்த குழந்தைவரை எல்லார் பெயரும் கிளை கிளையாக எழுதியிருக்கும். உயிரோடு இல்லாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. கூட்டம் தொடங்கியதும் புள்ளி வைத்த பெயர்களைச் சத்தமாகப் படிப்போம். பிறகு ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

இந்த முறை புள்ளி வைக்கும் வேலை என் தம்பி மகள் வாண்டுவிடம் வந்தது. வயது பத்து. அழியாத மை பேனாவோடு உட்கார்ந்து, வீடு வீடாகப் போன் போட்டு விசாரித்தாள். மூன்றாம் கிளையின் மூத்தவர், எனக்குப் பெரியப்பா முறை, அவரைப் பற்றி மட்டும் யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் கேட்டாள்.

“இடித் தாத்தாவா? அவர் தும்மினா, மழை வருதுன்னு தெருவே துணியை எடுத்துரும்! அப்பேர்ப்பட்ட மனுஷன் பன்னிரண்டு வருஷமா யாரையும் திட்டலைன்னா என்ன அர்த்தம்? புள்ளி வை!” என்றேன்.

வைத்துவிட்டாள்.

கூட்டத்தன்று வானம் இருண்டு மழை கொட்டியது. மின்சாரமும் போய்விட்டது. வாசல் மேசையில் வருகைப் பதிவேட்டோடு வாண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவு கிரீச்சென்று திறந்தது. வாசலையே அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு மழைக்கோட்டு நின்றது.

“நீங்க... எந்தக் கிளைங்க?”

“மூணாவது. மூத்தவன்.”

வாண்டுவின் கையிலிருந்த பேனா நழுவியது. மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கால் இருக்கிறதா? இருந்தது. இரண்டு இருந்தன. நிறையச் சேறும் இருந்தது.

பேய் இல்லை! ஆனால், பேயாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அடுத்த நொடியே தோன்றியது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எடுத்த குடும்பப் போட்டோவில் அவர் தலை மட்டும் விழவில்லை. அந்தக் கோபத்தில் போனவர் இன்றுதான் திரும்பி வந்திருக்கிறார். புள்ளியைப் பார்த்தால்?

வாண்டு என்னிடம் ஓடி வந்தாள். “பெரியப்பா! தாத்தா உயிரோட வந்திருக்கார்!”

நான் அவள் காதருகே குனிந்தேன். “துணியைக் கழட்டிச் சுருட்டிடலாமா?”

“ஐயோ, அங்க பாருங்க. வந்ததும் வராததுமா தன் பேரைத்தான் தேடறார். கழட்டினா, தன்னை ஒதுக்கிட்டாங்கன்னு நெனைப்பார். நீங்க போய்ச் சொல்லுங்க பெரியப்பா.”

“நானா? எனக்கு முதுகுப் பிடிப்பு!” என்று சொல்லிவிட்டு, முதுகை நன்றாக வளைத்து நாற்காலி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தாத்தாவின் தடித்த விரல் துணிமேல் ஊர்ந்தது. முதல் கிளை முடிந்தது. இரண்டாம் கிளை முடிந்தது. விரல் மூன்றாம் கிளையைத் தொடப் போனபோது, வாண்டு குறுக்கே போய் நின்றாள்.

“தாத்தா, எனக்குப் பின்னாடி உங்க பேர் இருக்கு. அதுல... நான் கரும்புள்ளி வெச்சுட்டேன்.”

“என்னது?” ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. “அன்னிக்குத் தலையை வெட்டினீங்க. இன்னிக்கு ஆளையே முடிச்சுட்டீங்களா?”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வாண்டுவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அந்த ஈரக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“போகாதீங்க தாத்தா. உங்களைக் கேட்காம வெச்சது என் தப்புதான்.”

இடித் தாத்தா நின்றார். அவள் பக்கம் திரும்பினார்.

“சரி... நான் செத்ததுக்கு யாராவது அழுதாங்களா?”

பொய் சொல்லலாமா என்று வாண்டு ஒரு நொடி யோசித்தாள். “யாரும் அழலை தாத்தா. புள்ளி வைக்கறப்போ எனக்கு மட்டும் கஷ்டமா இருந்துச்சு. உங்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையேன்னு.”

அவர் மீசை ஆடியது. பிறகு தோள் ஆடியது. சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு முழுதாக ஒரு நிமிடம் ஆயிற்று.

“அந்த மை அழியாது தாத்தா” என்றாள் வாண்டு பயத்தோடு.

“இருக்கட்டும். மச்சம்னு வெச்சுக்கறேன்.” கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். “எல்லாரும் உங்க போன் நம்பரை எழுதுங்கடா! ஒருத்தன் இருக்கானா இல்லையான்னு தெரியாத குடும்பம் என்ன குடும்பம்? இனிமே மாசாமாசம் நானே கூப்பிடுவேன்!”

சொன்னபடியே செய்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு என் போன் அலறுகிறது.

“நான் இருக்கேன். நீ இருக்கியா?”

“இருக்கேன் பெரியப்பா!” என்று கட்டிலின்மேல் எழுந்து நின்று பதில் சொல்கிறேன். நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் இதே கதிதான்.

வாண்டுவை மட்டும் ஒன்பது மணிக்குத்தான் கூப்பிடுகிறார். லீவு நாளில் குழந்தை நன்றாகத் தூங்கட்டுமாம்.