சமன் நீடிக்கும் வரை

பொழுது விடிந்ததும் தீர்ப்புத்திடலின் ஒலிபெருக்கி தன் வழக்கமான வாசகத்தைச் சொன்னது: "செட்டுகள் ஒன்றுக்கு ஒன்று. தீர்ப்பாட்டம் தொடர்கிறது. நிலவரம்: சமன்."

மேற்கு வரிசையில் ஆவாரங்குளத்தார். கிழக்கு வரிசையில் புதுமதகுக்காரர்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டன. எவரும் கை தட்டவில்லை.

அண்மையில்தான் ஆவாரங்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ரோகிணிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "மதினி, பதினஞ்சு, முப்பது, நாப்பதுன்னு போகுது. அம்பது வரவே மாட்டேங்குதே?"

"வராது," என்றாள் அவள் நாத்தனார் இசக்கியம்மாள். "ஒண்ணும் எடுக்கலன்னா சுழி. மொதப் புள்ளிக்குப் பதினஞ்சு, ரெண்டாவதுக்கு முப்பது, மூணாவதுக்கு நாப்பது. நாலாவதும் எடுத்துட்டா ஆட்டம் முடிஞ்சுது. ரெண்டு பேரும் நாப்பதுல நின்னா அதான் சமன். அதுக்கப்புறம் தொடர்ந்து ரெண்டு புள்ளி எடுக்கணும். ஒண்ணு எடுத்தா முன்னிலை. அடுத்ததை விட்டா மறுபடி சமன்."

"முப்பதுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சுல்லா வரணும்?"

"என் தம்பி பொண்டாட்டி கட்டுனானா, கணக்குவாத்தியாரக் கட்டுனானா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரோகிணியும் சிரித்துக்கொண்டே, "இது எப்போ முடியும்?" என்றாள். சிரிப்பு நின்றது.

"முடியக் கூடாதுட்டி," என்றாள் இசக்கியம்மாள். "வாயைக் கழுவு."

வழக்குமன்றங்களை மூடிய தலைமுறை அது. நீதிபதியை விலைக்கு வாங்கலாம், பந்தை வாங்க முடியாது என்று மேடைதோறும் முழங்கினார்கள். நம்பினோம்! வாதம் வேண்டாம், சாட்சி வேண்டாம். டென்னிஸ் வலையின் இருபுறமும் ஆளுக்கொருவர் போதும் என்றார்கள். கைகொட்டி வரவேற்றோம்! ஆளுக்கொரு செட் வென்றால் ஒரே ஓர் ஆட்டம் தீர்ப்புச் சொல்லும் என்று விதி எழுதியவர்களின் வீட்டுக் குழாயில் எந்நாளும் தண்ணீர் வற்றியதில்லை. தாகத்தைப் பந்தயமாக வைத்து ஆடும் கடமை கால்வாயின் கடைக்கோடி ஊர்களுக்கே விதிக்கப்பட்டது.

கால்வாயில் இப்போது ஓர் ஊருக்குப் போதிய நீரே எஞ்சியிருந்தது. தோற்கும் ஊரின் மதகு மூடப்படும், ஊர் கலைக்கப்படும். ஆனால் தீர்ப்பு வரும்வரை இரு மதகுகளும் பாதிபாதி திறந்திருக்க வேண்டும் என்றும், அதற்குள் மழை பெய்து அணை நிறைந்தால் வழக்கே தள்ளுபடி என்றும் அதே சட்டம் சொன்னது. அந்த இடுக்கில்தான் இரண்டு பெண்கள் கால் வைத்து நின்றார்கள்.

ஆவாரங்குளத்துக்கு ஆடியவள் அமுதவல்லி. புதுமதகுக்கு ஜெசிந்தா. ஒரே பயிற்சிக்கூடத்தில் ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவர்கள். அமுதவல்லிக்கு முன்னிலை வந்தால் அடுத்த புள்ளியை அவள் வேண்டுமென்றே இழப்பாள். ஜெசிந்தாவுக்கு வந்தால் அவள் இழப்பாள். நாள்கணக்காய் இப்படியே; மழை வரும்வரை சமன்.

தோற்பதும் எளிதன்று. தொடக்கத்தில் இருவரும் பந்தை வலையிலேயே அடித்துப் புள்ளியை இழந்தார்கள். மணிக்கட்டில் பூட்டியிருந்த முயற்சிமானி சிவப்பாய் எரிந்தது. சோம்பி ஆடும் ஊர் தோற்றதாகக் கொள்ளப்படும் என எச்சரிக்கை வந்தது. ஆகவே முழுப் பலத்தோடு தோற்கக் கற்றுக்கொண்டார்கள். நரம்பு தெறிக்க ஓடி, தோள் கழல வீசி, பின்கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் பந்தை இறக்குவார்கள். கருவி பச்சையாகவே ஒளிர்ந்தது.

இடைவேளையில் ஊர்த்தலைவர் சங்கரபாண்டியன் அமுதவல்லியின் அருகில் வந்தார்.

"தாயி, உன் முழங்கால் வீங்கிட்டு வருது. அவ உன்னைவிடச் சின்னவ. நீ விழுந்தா நம்ம ஊரும் விழுந்துரும். முன்னிலை வரும்போது ஒரே ஒரு பந்தை உள்ள போட்டுரு."

"போட்டா அவங்க எங்க போவாங்க, மாமா?"

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பேத்தி இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

பந்து பொறுக்கும் சாக்கில் இருவரும் வலையருகே நெருங்கினார்கள்.

"அக்கா, கால் எப்படி இருக்கு?"

"என் காலை விடு. உன் மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. சாப்பிட்டியாட்டி?"

"உங்க ஊர் பதனி குடுத்தனுப்பினா குடிக்கலாம். நீங்க கஞ்சப்பிசினாறியாச்சே!"

"மழை வரட்டும், பானையோட தாரேன்."

பிற்பகலில் அமுதவல்லிக்கு முன்னிலை கிடைத்தது. எப்போதும்போல் ஓடினாள், எப்போதும்போல் வெளியே விழும் பந்தை ஓங்கி அடித்தாள். பந்து உயரே இருக்கையில்தான் வடகிழக்கிலிருந்து அந்தக் காற்று வந்தது. குளிர்ந்த காற்று. வியர்த்த உடல்கள் சிலிர்த்தன. பெஞ்சுகளில் ஒரு முனகல் எழுந்தது. மாதக்கணக்காய் எல்லோரும் வேண்டிக்கிடந்த மழைக்காற்று ஜெசிந்தாவின் முதுகுப்பக்கமிருந்து எதிர்த்து வீசி, எல்லையைத் தாண்ட வேண்டிய பந்தைப் பிடித்து நிறுத்தி, பின்கோட்டின் வெள்ளை விளிம்பின்மேல் இறக்கியது.

வெளியேதான் விழும் என்று ஜெசிந்தா மட்டையை அசைக்கவே இல்லை.

கோட்டைத் தொட்டால் பந்து உள்ளே. அதைச் சொல்ல வேண்டியவள், எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்து ஆட்டக்காரி. விரலை உயர்த்தினால் வெளியே. உள்ளங்கையைத் தரைநோக்கி விரித்தால் உள்ளே. ஐந்து வயதிலிருந்து அவளுக்கு ஊட்டப்பட்ட பாடம் அது: உனக்கு எதிராக இருந்தாலும் கண் கண்டதைக் கை சொல்ல வேண்டும். இத்தனை நாளும் எல்லாப் பந்தும் முழம் தள்ளியே விழுந்ததால் அந்தக் கைக்குச் சோதனை நேரவில்லை.

மனம் விழித்துக்கொள்ளுமுன் அவள் கை விரிந்துவிட்டது.

"வெளிய!" என்று அலறினாள் அமுதவல்லி. "வெளியட்டி! விரலைத் தூக்கு!"

ஜெசிந்தா திடுக்கிட்டு விரலை உயர்த்தினாள். முதல் சைகையே இறுதி என்று ஒலிபெருக்கி அறிவித்தது. "ஆட்டம், வழக்கு: ஆவாரங்குளம்."

பொய் சொல்லியிருந்தால் ஓர் ஊர் பிழைத்திருக்கும். ஏழைக்கு நேர்மையைக் கற்பித்து, அந்த நேர்மையாலேயே அவன் கழுத்தை நெரிக்கும் சட்டத்துக்கு நீதி என்று பெயர் வைத்தவர்கள் யார்? கேட்க வேண்டியவர்கள் அன்று அழுதுகொண்டிருந்தார்கள்.

அமுதவல்லி நொண்டியபடி வலையைத் தாண்டிப் போனாள். ஜெசிந்தா தன் வலக்கையை இடக்கையால் இறுகப் பிடித்திருந்தாள்.

"நான் செய்யலக்கா. கை தானா விரிஞ்சிருச்சு."

"தெரியும்மா."

"எங்க அம்மாகிட்ட யாரு சொல்லுவா?"

அமுதவல்லி அந்தக் கையைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். வென்ற மேற்கு வரிசையிலும் ஆரவாரம் இல்லை; ரோகிணி இசக்கியம்மாளின் தோளில் முகம் புதைத்திருந்தாள். கால்வாய்ப் பக்கம் மதகின் இரும்புப் பலகை இறங்கும் ஓசை கேட்டது.

புதுமதகில், செய்தி இன்னும் எட்டாத பெண்கள், குழாயில் நீர் மெலிவதைக் கண்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று அரைக் குடத்தோடு விலகி வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.