நூற்றுப் பதிமூன்றாவது மரம்

அடெலாரின் குரல் தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

ஒபெலின் அளவு நாடாவை மேப்பிள் மரத்தோடு சேர்த்துப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மரங்களை அளக்கக் காட்டில் வகுத்திருந்த வட்டத்தின் நடுக்கம்பம் அவளுக்கு வலப்பக்கம் முப்பதடிக்குள் இருந்தது. அவளுடைய அக்காள் புருஷன் அடெலார் பலகையும் பென்சிலுமாக அங்கேதான் நின்றார். ஆனால் அவள் கத்திய "எழுபத்தொம்பது, மேப்பிள், பதினொண்ணு புள்ளி ரெண்டு" இடப்பக்கத்திலிருந்து, ஸ்ப்ரூஸ் மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கிற இருட்டுக்குள்ளிருந்து திரும்பி வந்தது.

"அத்தான்! கம்பத்த விட்டு எதுக்கு நகர்றீங்க?"

"யாரு, நானா?" இந்த முறை குரல் வலப்பக்கம்தான். பின்னாலேயே அவருடைய வழக்கமான இருமலும் வந்தது. "நட்டு வச்ச மாதிரி நிக்கிறேன். உங்க அக்காவக் கேளு, சோபாவுல உக்காந்தாலே நான் எந்திரிக்கிறதில்ல. எழுபத்தொம்பது, மேப்பிள், பதினொண்ணு ரெண்டு. சரியா?"

"சரி."

எதிரொலியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அந்த அடர்த்திக்குள் எதிரொலி கிடையாது, பஞ்சுமூட்டைக்குள் பேசுவது போலத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பகல் மூன்று மணி. நவம்பரில் நான்கு மணிக்கெல்லாம் அமெரிக்காவின் மெய்ன் மாநில வடக்கில் வெளிச்சம் செத்துவிடும். இன்னும் முப்பத்து மூன்று மரங்கள் பாக்கி.

இருபத்தாறு வருடமாக இதே முறைதான். ஒருவர் மரம் மரமாகப் போய், நாலரை அடி உயரத்தில் பழைய நீலக்கோட்டின் மேலேயே நாடாவைச் சுற்றி, மரத்தின் எண்ணையும் பெயரையும் நாடா காட்டுகிற விட்டத்தையும் அங்குலத்தில் கத்தி, கோட்டின் மேல் புது பெயிண்ட் அடிக்க வேண்டும். பலகைக்காரர் கேட்டதை அப்படியே திருப்பிக் கத்த வேண்டும். அளந்தவர் "சரி" என்ற பிறகுதான் பென்சில் தாளைத் தொடும். இலை மரமும் ஊசியிலை மரமும் கலந்து நெருக்கியடிக்கிற காட்டில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, குரல்தான் ஆள். இரவில் தூக்கத்தில்கூட ஒபெலின் "சரி" என்று சொல்வதாக அவள் புருஷன் உயிரோடிருந்தபோது கேலி செய்வான்.

இந்த முப்பத்தொன்றாம் வட்டத்துக்குத்தான் அவள் தன் ஆயுளில் பாதியைக் கொடுத்திருந்தாள். இங்கே யாரும் காட்டை மொட்டையடிக்கவில்லை, மருந்தடிக்கவில்லை, நாற்று வைக்கவில்லை. முதிர்ந்த மரங்களை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தார்கள். விழுந்த வெளிச்சத்தில் மஞ்சள் பிர்ச்சும் சிவப்பு ஸ்ப்ரூஸும் தாமாக முளைத்து வந்தன. காலையில் எண்ணிய கன்றுகள் மட்டும் அறுநூற்றுக்கு மேல். நிலத்துக்காரக் கம்பெனிக்கு இந்தக் கதை பிடிக்காது. "மரம் தானா வளரும்னு நம்புறவங்க சர்ச்சுக்குப் போங்க, மீட்டிங்குக்கு வராதீங்க" என்று போன கூட்டத்தில் கோட்டும் சூட்டும் போட்ட ஒரு கம்பெனிக்காரன் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சிரித்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவு போன தடவை விட்டுப்போயிருந்தது. இந்தத் தடவையும் விட்டுப்போனால் அறுபது வருடத் தொடர்ச்சி அறுந்தது என்று எழுதிவிட்டு, இந்த மலைச்சரிவு முழுக்க வெட்டி வரிசை வரிசையாக ஸ்ப்ரூஸ் நட்டுவிடுவார்கள். கூட்டம் திங்கட்கிழமை. இன்றைக்கு வெள்ளி. இன்று ராத்திரி விழப்போகும் பனி ரோட்டை மூடினால் மார்ச் வரை திறக்காது.

"எண்பத்து மூணு முடிஞ்சுது, பெயிண்ட்டும் முடிஞ்சுது" என்றாள்.

"வண்டியில இன்னொரு டப்பா இருக்கு. போயிட்டு வரேன். நீ அதுவரைக்கும் உக்காந்து ஒரு ப்ளோய் அடை தின்னு, உங்க அக்கா வெண்ணெய் தடவி அனுப்பியிருக்கா." பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் கிளம்பினார். இருபது வருடத்தில் அவர் பலகையைத் தரையில் வைத்து அவள் பார்த்ததில்லை. போகிறபோதே போன அளவின் பழைய தாளைப் புரட்டினார். "இங்க பாரேன், நூத்திப் பன்னெண்டாம் மரம். பேரு இருக்கிற இடத்துல 'தெரியல'ன்னு எழுதியிருக்கான். மரத்தப் பாத்து தெரியலங்கிறவனுக்கெல்லாம் சம்பளம்!"

"எந்த வருஷம்?"

"தொண்ணூத்தொம்பது. ஒனெசிம் அளந்த வருஷம். அதான், கனெக்டிகட்ல வேலை கெடச்சுதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம ஓடிப்போனானே."

"அவன் பொண்டாட்டி இன்னும் தெனம் தபால் பெட்டியத் திறந்து பாக்குறா, அத்தான்."

அடெலார் நடையை எட்டிப் போட்டார். அவருடைய ஆரஞ்சு மேல்சட்டை இரண்டு மரங்களுக்கிடையில் ஒருமுறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

ஒபெலினுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எண்பத்து நாலாம் மரத்துக்கு நாடாவைச் சுற்றினாள். அதைப் பனிக்கையுறையின் முதுகில் குறித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"எண்பத்து நாலு, ஸ்ப்ரூஸ், ஒம்பது புள்ளி ஏழு!"

"எண்பத்து நாலு, ஸ்ப்ரூஸ், ஒம்பது புள்ளி ஏழு."

"சரி" என்றாள். மனுஷன் அதற்குள் வந்துவிட்டாரே, வழியிலேயே டப்பா கிடைத்ததா என்று நினைத்தாள். எண்பத்தைந்து, பிர்ச். சரி. எண்பத்தாறு, பீச். சரி. வேலை வெண்ணெயாக ஓடியது. பிசின் வாசனைக்கு நடுவே அப்போதுதான் அறுத்த மரத்தின் பச்சை வாசனை ஒன்று எங்கிருந்தோ எழுந்து அவள் தொண்டையில் இறங்கியது. இந்தச் சரிவில் ரம்பம் ஓடி இருபது வருடமாகிறது. காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்த குருவிகள் எப்போது நின்றன என்றும் அவள் கவனிக்கவில்லை. எண்பத்தொன்பதுக்கு "சரி" சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. அடெலார் ஆறு மரத்துக்கும் ஒருமுறைகூட இருமவில்லை.

"ஒபெலின்! யாரோட பேசிக்கிட்டு இருக்க?"

ரோட்டுப் பக்கத்திலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பெயிண்ட் டப்பா. அக்குளில் பலகை. மூச்சு வாங்கியது.

அவள் பலகையைப் பிடுங்கிப் பார்த்தாள். எண்பத்து மூன்றோடு தாள் நின்றிருந்தது.

"நீங்க திருப்பிச் சொன்னீங்க" என்றாள். "ஆறு மரம். நான் சரின்னு சொன்னேன்."

அடெலாரின் முகத்தில் இருந்த கேலி வடிந்துபோனது. டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் வண்டிகிட்ட இருந்தேன்மா. வா, போயிடலாம்."

"இன்னும் இருபத்தொம்பது மரம் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்! ஒனெசிமோட பலகை புடிச்சவன் அதுக்கப்புறம் காட்டுப் பக்கமே வரல, தெரியும்ல? ஏன்னு கேட்டா கதவச் சாத்திக்கிட்டான்."

பயம் அவளுக்கும் வந்தது. ஆனால் அந்தக் கம்பெனிக்காரனின் சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் ஞாபகம் வந்தது, பயத்தின் மேல் கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. "கம்பெனிக்காரனுக்கே பயப்படல. குரலுக்கா பயப்படப் போறேன்? நில்லுங்க கம்பத்துல."

அவர் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நின்றார். அவள் எண்பத்து நாலாம் மரத்தை மறுபடி சுற்றினாள், மறுபடி கத்தினாள். இரண்டு குரல்கள் திருப்பிச் சொல்லின. ஒன்று வலப்பக்கம், நடுங்கியபடி. இன்னொன்று அவள் நின்ற மரத்துக்கு நேர் பின்னாலிருந்து, நிதானமாக, அதே அடெலாரின் குரலில்.

அடெலார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"குடுங்க" என்று பலகையை வாங்கினாள். "நீங்க ரோட்டு வழியில, வட்டத்துக்கு வெளிய நில்லுங்க. நானே அளந்து நானே எழுதுறேன். என்ன கேட்டாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"ஒபெலின், அடம் பிடிக்காத."

"அடம் பிடிச்சதாலதான் இந்தக் காடு இன்னும் நிக்குது."

அதன் பிறகு அவள் கத்தவில்லை. நாடா, கண், பென்சில். பெயிண்ட் தோய்த்த தூரிகையால் ஒரு கோடு. அடுத்த மரம். வெளிச்சம் சாம்பல் நிறமாகி, ஸ்ப்ரூஸின் அடிக்கிளைகள் ஒன்றோடொன்று கலந்து சுவராகத் தொடங்கின. குரல் அவளோடு கூடவே வந்தது. முதலில் அவள் எழுதியதைச் சொன்னது. பிறகு அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே சொன்னது. தொண்ணூற்றாறாம் மரத்தில் அவள் நாடாவைச் சுற்றுவதற்கு முன்னாலேயே சொன்னது: ஃபர், ஆறு புள்ளி மூணு. சுற்றிப் பார்த்தாள். ஆறு புள்ளி மூணுதான்.

"நான் அளந்ததத்தான் நான் எழுதுவேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எல்லா மரத்தையும் அளந்தாள். குரல் சொன்னதை வைத்து ஒரு எண்ணைக்கூட எழுதவில்லை.

நூறு. நூற்று ஐந்து. கன்று ஒன்று அவள் முழங்காலில் உரசியது. கன்றா? குனிந்து பார்க்கவில்லை. அறுத்த மரத்தின் வாசனை இப்போது அவள் கையிலேயே இருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. குளிர்தான் என்று சொல்லிக்கொண்டாள். பூட்ஸை ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சேறுதான் என்று சொல்லிக்கொண்டாள். தரை காய்ந்து கிடந்தது.

நூற்றுப் பதினொன்று. எழுதினாள்.

நூற்றுப் பன்னிரண்டு, வட்டத்தின் ஓரத்தில், ரோட்டு வழியிலிருந்து பத்தடியில் நின்றது. பட்டையில்லாத சாம்பல் நிறக் கட்டை. கிளையில்லை. உயரம் ஒரு ஆள் உயரம். நாலரை அடியில் மங்கிய நீலக்கோடு. அதற்கு மேலே அலுமினிய எண் தகடு. நாடாவைச் சுற்ற மரத்தைக் கையால் அணைத்தபோது விரலில் ஏதோ நூல் தட்டியது. மரத்துக்குள் பாதி விழுங்கப்பட்டு, நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணி. வெளிறிய ஆரஞ்சு. வேட்டைக் காலத்தில் எல்லோரும் போடுகிற ஆரஞ்சு. அதில் ஒரு பொத்தானும் இருந்தது.

ஒபெலின் கத்தவில்லை. அழுகை வந்தது, அழவும் இல்லை. அந்தக் கட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

பிறகு விட்டத்தை எழுதினாள். பெயர் எழுதும் இடத்தில், அழுத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: ஒனெசிம்.

முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது.

ரோட்டைப் பார்த்துத் திரும்பினாள். இடுப்புதான் திரும்பியது. கால் வரவில்லை.

"நூத்திப் பதிமூணு" என்றது குரல்.

அது அடெலாரின் குரல் இல்லை இப்போது. அவளுடைய குரல். அளந்து கத்துகிற குரல்.

ஒபெலின் கையை ஓங்கிப் பலகையை வீசினாள். அது கிளைகளில் அடிபட்டு, ரோட்டில், அடெலாரின் காலடியில் போய் விழுந்தது.

"எடுத்துக்கிட்டு ஓடுங்க! திங்கக்கெழம அந்தக் கம்பெனிக்காரன் மேஜையில போடுங்க!"

"ஒபெலின்! வா! வாம்மா!"

"ஓடுங்க அத்தான்! எதையும் திருப்பிச் சொல்லிடாதீங்க! ஒனெசிம் பொண்டாட்டிகிட்ட நூத்திப் பன்னெண்டக் காட்டுங்க. தபால் பெட்டியப் பாக்க வேணாம்னு சொல்லுங்க!"

அவர் அழுதுகொண்டே குனிந்து பலகையை எடுப்பதை அவள் பார்த்தாள். ஆரஞ்சு சட்டை ஒருமுறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. வெகுநேரம் கழித்து வண்டி கிளம்பும் சத்தம். அது தேய்ந்து தேய்ந்து போனது.

முதல் பனித்துகள் அவள் இமையில் விழுந்தது. கரையவில்லை.

பின்னாலிருந்து இரும்பு நாடா வந்தது. அவள் மார்பைச் சுற்றி, அக்குளுக்குக் கீழே, சரியாக நாலரை அடியில். சில்லென்று. இறுகியது.

"நூத்திப் பதிமூணு. பதிமூணு புள்ளி எட்டு."

குரல் காத்திருந்தது. அவள் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தது.

"தப்பு" என்றாள் ஒபெலின். "மறுபடி அள."

நாடா தளர்ந்தது. பொறுமையாக மறுபடி சுற்றி வந்தது.

"பதிமூணு புள்ளி ஒம்பது."

"தப்பு!"

தளர்ந்தது. சுற்றியது.

"பதினாலு."

"தப்பு! நூறு தடவ அளந்தாலும் தப்பு! திருப்பிச் சொல்ற ஒரு வார்த்த என் வாயிலருந்து வராது!"

நாடா விலகியது. அமைதி. ஒரு கணம் அவள் ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தாள்.

ஈரமான தூரிகை ஒன்று அவள் ஆரஞ்சு சட்டையின் குறுக்கே, இடமிருந்து வலமாக, நிதானமாக இழுத்தது. அவள் தலையைக் குனிந்து பார்த்தாள். தலை மட்டும் இன்னும் குனிந்தது. மார்பின் மேல் புதிய நீலக்கோடு. அவள் முழு பலத்தோடு மூச்சை இழுத்து மறுபடி "தப்பு" என்று கத்தினாள்.

மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டிய கோடு மேலே ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை.