மாப்பிள்ளைச் சகன்

பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் வீட்டுக்குள் யாரோ சோறு வைத்திருந்தார்கள்.

மீராசா வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். நெய்யும் ஏலமும் இறைச்சிக் குழம்பாகிய ஆணமும் கலந்த கலியாண வீட்டு வாசம். அதற்கு அடியில் ஈரச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்தாற்போல ஒரு புழுங்கிய நாற்றம். அந்த நாற்றத்தை அவன் பெரிதாக எடுக்கவில்லை. அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிந்து மாதக் கணக்காகியும் கல்முனைக் கரையில் எந்த வீட்டுச் சுவர்தான் நாறாமல் இருந்தது? படியில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. சேறு மிதித்து வந்த காலை அதில் கழுவினான். பூட்டைத் திறந்து, வலது காலை முன்வைத்து, ஆளில்லாத வீடானாலும் சொல்ல வேண்டிய முறைப்படி சலாம் சொல்லி உள்ளே போனான். மண்டபத்தில் புதுப் பன்பாய் விரித்திருந்தது. நடுவில் சகன், நாலு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு, மூடியபடி இருந்தது. தொட்டுப் பார்த்தான், சூடு ஆறவில்லை.

பக்கத்து வளவு றாஹிலா ராத்தாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பின்புறச் சமையல் குசினிக் கதவை வெள்ளம் கொண்டுபோயிருந்தது, அந்த வழியால் யாரும் வந்து வைக்கலாம். புதிதாக வீடு வாங்கியவனுக்கு அயலார் சோறு கொடுப்பது ஊர் வழக்கம்தானே. காலையில் இருந்து சுண்ணாம்பு கரைக்கவும் வாளி தூக்கவும் அலைந்த பசி வேறு. இருந்து தின்றான். கடைசியில் விரலையும் நக்கினான். பல்லிடுக்கில் ஏதோ மாட்டியது. இழுத்தான். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண்ணின் தலைமயிர், முழங்கை நீளம். ராத்தா தலையை முடிந்துகொண்டு சமைக்கக் கூடாதா என்று முனகிக்கொண்டு அதை வெளியே எறிந்தான்.

மீராசா மருதமுனைச் சாறன் வியாபாரி. சாறன் மூட்டையோடு கல்லோயா அரசாங்கக் குடியேற்றப் பக்கம் போய்வந்தபோதுதான் வீடு வாங்கி வாடகைக்கு விடும் யோசனை அவனுக்குப் பிறந்தது. புதிது புதிதாக உத்தியோகத்தர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து இறங்குகிறார்கள், இருக்க வீடில்லாமல் தவிக்கிறார்கள். நெல்லுக்கு மழை வேண்டும், சாறனுக்கு வாங்க ஆள் வேண்டும், வாடகைக்கு மாதம் பிறந்தால் போதும் என்று சந்தையில் நின்று சொல்லித் திரிந்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் வீடென்பது பெண்ணின் சொத்து. தகப்பன் மகளுக்குக் கட்டிக் கொடுப்பான், கலியாணம் முடித்தவன் உடுத்த சாறனோடு அங்கே வந்து ஏறுவான். தன் பேரில் வீடு வாங்கும் ஆணை யார் கண்டது?

வெள்ளத்தில் தாயும் மகளும் மூழ்கி மௌத்தான வீடு அது. தூரத்து உறவுக்காரன் ஒருவன் அக்கரைப்பற்றிலிருந்து வந்து, விட்டால் போதுமென்ற விலைக்குக் கொடுத்தான். அந்த விலைக்கும் மீராசாவிடம் பணமில்லை. மனைவி ஸுல்பிகாவின் தங்கக் கொடியை விற்றுத்தான் நொத்தாரிசு முன்னால் வீட்டு உறுதிப் பத்திரம் முடித்தான்.

"ஆம்புளைக்கு என்னத்துக்கு மச்சான் வீடு? இரிக்கிற வீடு காணாதா?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

"இது உன்ட வீடு. நாளைக்கு உன்ட உம்மா கோவிச்சா என்ட சாறன் மூட்டை வேலிக்கு வெளியில கிடக்கும். எனக்கெண்டு ஒரு கூரை வேணும் புள்ள."

"அப்ப ஒண்டு சொல்லுறன் கேளுங்க. என்ட கழுத்த வெறுங்கழுத்தாக்கி வாங்குறீங்க. ஆள் குடிவந்து வாடகை வரல்லெண்டா, அந்தக் கூரைக்குக் கீழயே இருந்துக்கங்க. இஞ்ச வரப்படா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சிரித்துச் சொல்லும் சொல்லைத்தான் அவன் பயப்பட வேண்டும். நல்லவேளையாக மட்டக்களப்பு ஓவசியர் உத்தியோகத்தர் ஒருவர், வெள்ளிக்கிழமை பகல் மனைவியோடு வந்து பார்ப்பதாகவும், பிடித்தால் அன்றைக்கே முற்பணம் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

அதனால் அவன் நாள்தோறும் போய்ச் சுவருக்கு வெள்ளையடித்தான். நெஞ்சளவு உயரத்தில் வெள்ளத் தண்ணீர் நின்ற கோடு. சுண்ணாம்பு காய்ந்ததும் அந்தக் கோடு திரும்பவும் எழும்பியது, வரவரப் பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக. விரலால் தடவினால் மீன்சினை போல வழுக்கியது. கையைச் சாறனில் துடைப்பான். நாற்றம் சாறனோடு வீட்டுக்கு வரும். நாள்தோறும் செம்பில் தண்ணீர், பாயில் சகன். ராத்தா வஞ்சகமில்லாத மனுசி என்று நினைத்துக்கொண்டு அவனும் தின்றான். ஒருநாள் வட்டிலப்பம் இருந்தது. வாயில் கரைந்த இனிப்புக்குள் மண் நறநறத்தது. துப்பினான், கறுப்பாகத் துப்பல் விழுந்தது. ஆனாலும் மிச்சத்தைத் தின்றுதான் எழுந்தான். ஏன் தின்றேன் என்று வழியில் யோசித்தான். பிடிபடவில்லை.

அன்றிரவு ஸுல்பிகா சோறு போட்டுவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"மச்சான், உங்கட வாய்க்குள்ள என்ன? சீ! செத்த எலி நாறுற மாதிரி நாறுது."

அவள் வைத்த சூடைமீன் ஆணம் அவனுக்கு வைக்கோலாய் இருந்தது. ஒரு பிடிக்கு மேல் இறங்கவில்லை. பாயில் புரண்டு கிடந்தபோது அந்தச் சகனை நினைத்தான். வாய் ஊறியது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வேலியோரம் றாஹிலாவைக் கண்டான்.

"ராத்தா, இனிச் சோறு வெக்காதீங்க. நெய் கூடிப் போச்சி, வயிறு ஒத்துக்குதில்ல."

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கைவேலையை நிறுத்தினாள். "என்ன சோறு தம்பி? வெள்ளம் வடிஞ்ச நாளையில இருந்து அந்த வளவுக்குள்ள நான் கால் வெக்கல்லியே."

"சகன்ல வெச்சிருந்தீங்களே. செம்புல தண்ணியும்."

றாஹிலா வேலியை விலக்கிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "காலைக் கழுவினீங்களா?"

"ஓம்."

"சலாம் சொல்லி உள்ள போனீங்களா? சகன்ல கை வெச்சீங்களா?"

அவன் வலது கையைச் சாறனில் துடைத்தான்.

"யா அல்லாஹ்! பின்ன என்ன மிச்சம்? மாப்புள செய்யிற எல்லாத்தயும் செஞ்சிட்டீங்களே. மகள் மைமூனாக்கு ஆசியாஉம்மா கட்டின வீடு தம்பி அது. கலியாணத்துக்குச் சமைச்சி வெச்சிட்டு, மாப்புள வருவாரெண்டு பாத்துப் பாத்து இருந்தாங்க. தண்ணிதான் வந்திச்சி. உள்ளறைக்குள்ள ரெண்டு பேரும்... கதவத் திறந்த ஆக்கள் வாயப் பொத்திச் சத்தியெடுத்துக்கொண்டு ஓடினாங்க."

"நான் மனுசியொண்டயும் அங்க காணல்லியே ராத்தா."

"எந்த மாமி மருமகனுக்கு முகம் காட்டுவா? கதவுக்குப் பின்னால நிண்டுதானே கவனிப்பா. காணல்லெண்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்க. இனி அந்தப் படி மிதியாதீங்க."

அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வாந்தி வந்தது. சோறில்லை. நெய்யில்லை. வெள்ளத்துச் சேறு, கறுத்த சேறு. அதற்குள் சின்ன மட்டிச் சிப்பிகள். தொண்டையில் மயிர்க் கற்றையொன்று சிக்கிக் கிடந்தது. கையால் பிடித்து இழுத்தான், வயிற்றின் அடியிலிருந்து அது வழுக்கி வழுக்கி வந்தது. றாஹிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஓவசியர் வருவாரே! மண்டபத்தில் அந்தச் சகனைக் கண்டால் என்ன சொல்வார்? நாற்றத்தைப் பிடித்தால் நிற்பாரா? முற்பணமில்லாமல் ஸுல்பிகாவின் வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? சகனைத் தூக்கிக் கிணற்றடியில் கொட்டிவிட்டு, சாம்பிராணி போட்டு, கதவு யன்னலைத் திறந்துவிட்டால் முடிந்தது. பகல் நேரம்தானே, என்ன வந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஜும்ஆத் தொழுகைக்கு ஊரே பள்ளிக்குப் போயிருந்தது. தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. வெயில் மணலில் கொதித்தது, கடற்பக்கமிருந்து கருவாட்டு வாடை வந்தது. தொழுகையை விட்டுவிட்டு வந்த குற்றம் நெஞ்சில் உறுத்த, மீராசா செம்பைக் காலால் தட்டிவிட்டான். அழுக்குக் காலோடு, சலாம் சொல்லாமல், உள்ளே போனான்.

சகன் இருந்தது. மூடியிருக்கவில்லை.

சோறு வெள்ளையாகக் குவிந்திருந்தது. பார்த்துக்கொண்டு நின்றான். குவியல் மெல்லச் சரிந்தது. திரும்பவும் குவிந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நெளிந்தது. ஆணத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஆடை கட்டியிருந்தது. அது மூச்சு விட்டது.

சீ! சீ!

தட்டின் விளிம்பைப் பிடித்தான். விளிம்பு வழுவழுத்தது. தூக்க முடியவில்லை. உள்ளறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நேற்றுவரை அது பூட்டிக் கிடந்த கதவு. இடுக்கில் இருட்டு. இருட்டுக்குள் ஈரச் சேலை தரையில் உரசும் சத்தம்.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. மனைவியின் கொடியை விற்று வாங்கிய வீடு! ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க வாங்கிய வீடு!

"ஆரது?" என்று கத்தினான். "வெளிய போங்க! இது என்ட வீடு. என்ட பேர்ல உறுதி கிடக்கு. நான்தான் இந்த வீட்டு ஆம்புளை!"

சேலையின் சத்தம் நின்றது. பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு குரல். தண்ணீர் நிறைந்த தொண்டையிலிருந்து வந்த, நாணமும் மரியாதையுமான குரல்.

"ஓம் மருமகன். உங்கட வீடுதானே. வேற ஆர்ட வீடு? இரிங்க."

அவன் இருந்தான்.

இருக்க நினைக்கவில்லை. முழங்கால் மடிந்தது. பாய் ஈரமாயிருந்தது. எழுந்து ஓடு என்று உயிர் கதறியது, கால்கள் யாருடையவோ போலச் சம்மணமிட்டுக் கிடந்தன. கதவிடுக்கில் இருந்து ஒரு கை நீண்டது. வெளுத்து, ஊறி, உப்பிய கை. தோல் விரல்களில் தொளதொளத்தது. சகனில் பிசைந்தது, நிதானமாக, அன்பாக. ஒரு கவளம் உருட்டி அவன் வாய்க்கு நேரே பிடித்தது.

வாய் திறந்தது. அவனுடைய வாய்தான்.

உள்ளே போனது கவளம் மட்டுமில்லை. கடித்தபோது நறுக்கென்றது. கை திரும்பிப் போனபோது அதில் சின்னி விரல் இல்லை.

"சாப்புடுங்க மருமகன். வெட்கப்படாதீங்க."

அடுத்த கவளம். நறுக்.

வெளியே கார் வந்து நின்றது. கதவு அடிபட்ட சத்தம், ஒரு பெண்ணின் செருப்புச் சத்தம்.

"வீட்டுக்காரர்!" ஓவசியரின் குரல். "வீடு பார்க்க வந்திருக்கம். வீட்டுக்காரர் இருக்கிறாரோ?"

இருக்கிறேன்! இஞ்ச! உள்ள வாங்க! மீராசாவின் தொண்டையில் சொல் எழும்பியது, எழும்பி வாயை நிறைத்திருந்ததில் முட்டி நின்றது. கண்ணால் நீர் ஓடியது. மென்றான். விழுங்கினான். இன்னொரு கவளம் வந்துவிட்டது.

"இந்த வீடு வாடகைக்கில்ல மகன்." கதவுக்குப் பின்னாலிருந்து குரல் தெருவுக்குக் கேட்கச் சொன்னது. "எங்கட மாப்புள குடிவந்திட்டாரு. சாப்பிட்டுக்கொண்டிரிக்கிறாரு."

"ஓ, மன்னிச்சுக்கொள்ளுங்க. பிழையான வீடு போல."

செருப்புச் சத்தம் திரும்பியது. கார் இரைந்தது, தூரமானது, இல்லாமல் போனது.

நறுக். நறுக்.

மாமியின் கை இப்போது வெறும் உள்ளங்கை. அது சகனைத் துழாவிப் பார்த்தது. ஒரு பருக்கையைக்கூட எடுக்க முடியவில்லை. கை மெல்ல இருட்டுக்குள் போனது.

உள்ளே ரகசியம் பேசும் சத்தம். ஒரு சின்னச் சிரிப்பு. வளையல்கள்.

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. மருதோண்டி சிவந்த ஓர் இளங்கை, விரல் ஐந்தும் முழுசாக, அவன் வாயை நோக்கி நீண்டு வந்தது.