மீன்கள் பார்த்த பக்கம்

தீனியைத் தூவியும் ஒரு மீன்கூட வெண்மதி பக்கம் வரவில்லை. கொல்லையிலிருந்த சிமெண்டுத் தொட்டியின் எதிர் ஓரத்தில் அத்தனையும் மொய்த்துக்கொண்டு, ஆளில்லாத இடத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றன. மாமனார் பஞ்சநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீனி போட்ட இடம் அது. போன வாரம்தான் அவருக்குக் கருமாதி முடிந்திருந்தது.

காரைக்காலில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் கணவன் செம்பியனுக்கு போன் போட்டாள். அவன் சிரித்தான்.

“மீனுக்கு ஆள் அடையாளம் தெரியும்டி. தீனி போடுறவங்க மூஞ்சிய மறக்காதுங்க. அப்பா செத்தது அதுங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“சீக்கிரம் வாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

கருமாதியன்று நடந்ததை அவனிடம் அவள் சொல்லவேயில்லை. படையல் சோற்றை எடுக்க அன்று காக்காய் வரவில்லை. மழையில் சோறு கரைவதைப் பொறுக்காமல் தொட்டிக்குள் கொட்டிவிட்டு, காக்காய் எடுத்துவிட்டதாக உள்ளே வந்து சொல்லிவிட்டாள். காக்காய் தொடாவிட்டால் செத்தவருக்கு ஏதோ ஆசை பாக்கி என்பார்கள். என்ன ஆசை என்று அவளுக்குத் தெரியும். காசநோய்க்காரர் என்பதால் பேத்தி முத்தமிழை ஒருநாளும் அவர் கையில் கொடுத்ததில்லை. கடைசி நாளிலும் தூளியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார்.

மீன்கள் நகர்ந்தன. யாரோ எழுந்து நடக்க, கூடவே போவதுபோல் ஓரத்தை ஒட்டி மெதுவாகப் போய், கொல்லைக் கதவுப் பக்கம் நின்றன.

கரண்டு போனது. கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் காற்று மோட்டார் அடங்கி, கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தம் மட்டும் மிஞ்ச, ஈரமண் வாசனைக்கு நடுவே மாமனார் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் கோடாலித் தைலத்தின் நெடி திடீரென்று மூக்கில் ஏறியது. வெண்மதி போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கூடத்து மீன்கள் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்தன. இமையில்லாத கண்கள். வெளிச்சத்துக்குக்கூட அவை திரும்பவில்லை. எல்லாம் படுக்கையறையைப் பார்த்திருந்தன.

உள்ளே ஜன்னல் மேடையில் சின்ன மீன் ஜாடி. அதிலிருந்த மூன்றும் தூளிப் பக்கம்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

பாய்ந்து முத்தமிழை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. அப்பாடா.

ஜாடி மீன்கள் திரும்பின. அவள் பக்கம். இல்லை. அவளுக்குப் பின்னால்.

வாய் திறந்தன. மூடின. திறந்தன.

தைல நெடி. பிடரிக்குப் பக்கத்தில்.

முத்தமிழ் அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

வெண்மதி இறுக்கிப் பிடித்தாள்.

இடுப்பில் இருந்த கனம் குறைந்துகொண்டே வந்தது.